ரூத்தக்கா வீட்டில் சாப்பிட்ட மூப்பர்

சாயல்குடிக் கடைவீதியில் முடிதிருத்தும் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் வெட்டி முடிந்து கத்தரி வலது பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. உப்பு வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏலே, நீ மிஷன் தெருப் பயதான? இங்கன உக்காந்து சிங்காரிச்சிக்கிட்டு இருக்க. ஒங்க மாசிலாமணி மூப்பரு போயிட்டாருல்ல!"

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். கோவில், வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு குடிசை என்ற மூன்று இடத்தைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர் அவர். வண்டிக்காரர் சாட்டைக் கம்பால் வானத்தைக் காட்டினார்.

மீதித் தலையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், கையில் பனைநாரைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாராம். கிராப்பு வைத்த தலையில் சாத்தான் குடியிருப்பான் என்று பிரசங்கித்தவரின் தலைமாட்டில், பாதிக் கிராப்போடு போய் நின்றேன். "பாதிதான் வச்சிருக்கேன் மூப்பரே" என்று சொல்ல வாய் வந்தது. உயிரோடிருந்தால், "பாதியும் பாவந்தான்" என்று பதில் சொல்லியிருப்பார். சொன்னது வேடிக்கையாக இருக்கிறது என்பதே தெரியாமல் ஜெபத்துக்கும் போயிருப்பார்.

சபையாரே, இந்த நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று கமிட்டி என்னிடம் கேட்டது. வாலிபர் சங்கத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் கேட்டார்கள். "நல்லதாப் பாத்து எழுதுடா" என்று என் அய்யா சொன்னார். நல்லதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நம் தெருவில் அது கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது என்பதால், உங்களை அதிக நேரம் உட்காரவைக்க மாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாசிலாமணி மூப்பரை எனக்குப் பிடிக்காது. உயிரோடிருந்தபோது பிடிக்கவில்லை, செத்துப்போனதற்காகப் பிடித்துவிடப்போவதும் இல்லை. செத்தவுடன் ஒருவரைப் பிடித்துப்போவது உங்கள் பழக்கம். எனக்கு அதற்கு இன்னும் வயதாகவில்லை, பதினேழுதான் நடக்கிறது. பெயரிலே மணி, கையிலே மணிக்கயிறு, முழங்காலில் நின்றால் மணிக்கணக்கு. விசில் அடித்தால் பாவம். டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றால் பாவம். சிரித்தால், "என்னத்துக்குச் சிரிக்கிற?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பார். கேலியாகச் சொன்னாலும் நிசமாகச் சொன்னாலும் அவர் காதுக்கு ஒரே மாதிரிதான் விழும். வேதத்தில் எழுதியிருக்கிறதா, செய், எழுதவில்லையா, செய்யாதே. அந்த மண்டைக்குள் மூன்றாவது அறை கிடையாது.

ஒரு மத்தியானம் கோவில் மணிக்கயிற்றின் நுனியில் ஒரு கொத்து அகத்திக்கீரையைக் கட்டிவிட்டுப் பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெள்ளாட்டுக்குப் பஞ்சமில்லாத தெரு நம்முடையது. ஒரு கிடா வந்து கீரையைக் கவ்வி இழுத்தது, மணி அடித்தது. இன்னொரு இழுப்பு, இன்னொரு அடி. சாவோ தீயோ என்று உப்பளத்திலிருந்து ஆணும் பெண்ணும் ஓடிவந்தார்கள். உப்பளக் கங்காணியும் சபைக் கமிட்டித் தலைவருமான பால்ராஜ் ஐயா, "எந்த மூதேவிலே இத செஞ்சது?" என்று கத்தினார். மூப்பர் ஆட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"மணி அடிச்சிருச்சு. முழங்கால் போடுங்க" என்றார்.

"மூப்பரே, அடிச்சது ஆடு!"

"ஆடு அடிச்சா அடிக்கலன்னு ஆயிருமா?"

மணி அடித்தால் சபை ஜெபிக்கவேண்டும் என்பது சட்டம். யார் அடித்தது என்பது சட்டத்தில் இல்லை. சித்திரை மாதத்துச் சுடுமணலில் அத்தனை பேரும் முழங்காலில் நின்றார்கள். கடலுக்குப் போனவர்களுக்காக, நோயாளிகளுக்காக, அரசாங்கத்துக்காக, கடைசியில் அந்த ஆட்டுக்காகவும் ஒரு வரி ஜெபித்தார். கீரை கட்டியவனும் முழங்கால் வெந்துதான் எழுந்தான். நான் செய்த விளையாட்டிலேயே மிகப் பெரிய தோல்வி அதுதான். விளையாட்டு என்று ஒன்று நடந்ததாகவே அந்த மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை.

மாதம் ஒருமுறை ராப்போஜன அப்பமும் ரசமும் கொடுக்க ராமநாதபுரத்திலிருந்து வருகிற குருவானவர், ஒரு தடவை தம் மனைவியையும் கூட்டிவந்தார். அந்த அம்மா தலையில் கொஞ்சம் பூ இருந்தது. மூப்பர் வாசலில் நிறுத்திவிட்டார்.

"பூவக் கழட்டிட்டு உள்ள வாங்கம்மா."

"இது வெறும் கனகாம்பரம்தான், வாசனைகூடக் கிடையாது."

"நான் பேரு கேக்கலம்மா."

அந்த அம்மா பூவை எடுத்து வேலியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். குருவானவர் அன்று பிரசங்கத்தில் மூன்று தடவை இருமினார். தெருவுக்கு ஒரே கொண்டாட்டம். "மூப்பர்னா இப்படி இருக்கணும்" என்று வாரம் முழுக்கப் பேசினீர்கள். பட்டணத்துக்காரிக்கு விழுந்த அடி உங்களுக்கு அவ்வளவு இனித்தது. பரிசுத்தம் என்ற சொல்லை நம் சபை எப்போதும் இரண்டாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. பரிசு நமக்கு, சுத்தம் அடுத்த வீட்டுக்கு. மூப்பரை நீங்கள் நேசித்ததாக இப்போது சொல்கிறீர்கள். விளக்குமாற்றை யாரும் நேசிப்பதில்லை. அதன் வீச்சு அடுத்த வீட்டு வாசலுக்குப் போகிறவரை மெச்சுவார்கள், அவ்வளவுதான்.

ராப்போஜன வாசலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருவர்மேல் மனத்தாங்கலோடு ஆண்டவருடைய பந்திக்கு வராதே, முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்பது வேத ஒழுங்கு. மற்ற ஊர்ச் சபைகளில் அதைப் பிரசங்கிக்கிறார்கள். நம் மூப்பர் அதை வாசலில் நின்று ஆளாளாகக் கேட்டார்.

"மனத்தாங்கல் உண்டா?"

"இல்லங்கய்யா."

"உள்ள போ."

உண்டு என்றவர் திரும்பிப் போய்த் தீர்த்துவிட்டு வரவேண்டும். அதற்குப் பயந்து, முந்திய நாள் சனிக்கிழமை சாயங்காலமே வீடு வீடாகப் போய் ஒப்புரவாகிற வழக்கம் நம் தெருவில் முளைத்தது. மாதத்தில் வேறெந்த நாளும் நம் தெருவில் அத்தனை சண்டை நடந்ததில்லை. என் அம்மா பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தையிடம் போனது எனக்கு நினைவிருக்கிறது.

"அத்தாச்சி, ஒங்க மேல ஒரு மனத்தாங்கல் இருந்துச்சு. நான் மன்னிச்சிட்டேன். நீகளும் மறந்திருங்க."

"என்னத்த மறக்க?"

"அந்தக் கோழி விசயந்தான்."

"எந்தக் கோழி?"

"எங்க செவலக் கோழி. ஒங்க சட்டிக்குள்ள போச்சே, அது."

அந்த நிமிஷம்வரை தான் கோழித் திருடி என்பது அத்தைக்குத் தெரியாது. பிறகு நடந்ததைத் தெருவே கேட்டது. மறுநாள் காலை இருவரும் வாசலில் "இல்லங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் தோளோடு தோள் உரச உள்ளே போனார்கள். மூப்பர் நம்பினார். அவரிடம் எனக்கிருந்த ஆத்திரமே இதுதான். இல்லை என்று சொன்னால் இல்லை என்று நம்பிவிடுவார். சபைக்குள் பொய் சொல்லுவார்கள் என்பதை அந்த மனிதருடைய தலையில் யாரும் ஏற்றிவைக்கவில்லை.

இனி ரூத்தக்கா. உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லைதான். ஆனால் ஒரு வருஷமாக நீங்கள் யாரும் அவரிடம் பேசாததால் மறந்திருக்கக்கூடும், ஞாபகப்படுத்துகிறேன். கோவில் கிணற்றை ஒட்டி, மிஷன் நிலத்தில், எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓலைக்குடிசை அவருடையது. புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனார். ஒரே பையன் தானியேல். அவனுக்கு வலிப்பு வரும். டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார், மருந்து குடித்தான், வலிப்பு நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் கிழக்கே தர்காவுக்குக் கொண்டுபோய் ஓதிக் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டிவந்தார். பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் சட்டையைத் தூக்கித் தூக்கி அரைக்கயிற்றைக் காட்டினான்.

தர்காவுக்குப் போகாத வீடு மிஷன் தெருவில் எது? சின்ன வயதில் தூக்கத்தில் அலறுகிறேன் என்று என்னையே தூக்கிப்போயிருக்கிறார்கள். கங்காணி ஐயாவின் பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவர் வீட்டுக் கூண்டுவண்டி எந்தத் திசையில் போகும் என்பது அந்த மாட்டுக்கே தெரியும், ஓட்ட ஆள் வேண்டாம். கூண்டுவண்டிக்குத் திரை உண்டு. ரூத்தக்கா நடந்து போனார், வெயிலில் போனார், எல்லாரும் பார்க்கப் போனார். அதுதான் வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய பிறகு மிஷன் நிலம் கமிட்டி கைக்கு வந்ததிலிருந்து, கிணற்றடியில் ஒரு வண்டிக்கொட்டகை போட்டால் நன்றாயிருக்குமே என்று கங்காணி ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் காலி இடம் கிடையாது. ரூத்தக்கா குடிசைதான் இருந்தது.

தர்காவுக்குப் போன குற்றத்துக்காகக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் கம்மென்று இருக்கிறவர்களின் கூட்டம். என் அய்யாவும் அதில் ஒருவர், அவரும் கம்மென்று கையைத் தூக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் பீடத்துக்கு முன்னால் நின்று தீர்ப்பைச் சொன்னார். தவறு செய்தவர் சபைக்கும் செவிகொடாவிட்டால் அவரை அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது வேத ஒழுங்கு, அதன்படி ரூத் சபைக்குப் புறம்பாக்கப்படுகிறாள் என்றார். யாரும் அவளோடு பேசக்கூடாது, கோவில் கிணற்றில் அவள் தண்ணீர் இறைக்கக்கூடாது, மிஷன் நிலத்தைக் காலிசெய்யவேண்டும். இந்த மூன்றும் வேதத்தில் இல்லை. கமிட்டி சேர்த்தது.

அன்று பகல் மூப்பரே குடிசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். காய் ஒன்றும் இல்லாத மரம்தான், இருந்தாலும் பறித்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுச்சு மூப்பரே" என்றார் ரூத்தக்கா. "ஒங்க சத்தத்துக்குக் கோவில் சுவரு காணாது. அது சரி, ஆயக்காரன்னா யாரு?"

"அந்தக் காலத்துல வரி பிரிக்கிறவன். சனங்க ஒதுக்கி வச்ச ஆளு."

"அப்படி ஒதுக்கி வச்ச ஆள ஆண்டவரு என்ன செஞ்சாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாத வேதமா?"

"அவன் வீட்டுக்குப் போனாரு."

"போயி?"

"உக்காந்து சாப்பிட்டாரு."

"ம். என்னய ஆயக்காரியா வச்சிட்டீகள்ல? எப்பச் சாப்பிட வாரீக?"

வயிற்றெரிச்சலில் சொன்ன குத்தல் அது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நம்மில் யாரிடம் சொல்லியிருந்தாலும் முகம் சிவந்து, வாய்க்கொழுப்பு என்று இன்னொரு குற்றத்தையும் சேர்த்து எழுதியிருப்போம். மூப்பருக்குத்தான் குத்தல் என்பது என்னவென்றே தெரியாதே! நின்று யோசித்தார். மணலைப் பார்த்து யோசித்தார், கிணற்றைப் பார்த்து யோசித்தார்.

"வார ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு வாரேன்" என்றார்.

ரூத்தக்காவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். ஏசிக்கொண்டிருந்த வாய் அப்படியே திறந்து நின்றது. "வெறுங் கூழுதான் மூப்பரே இருக்கும்" என்றார், வேறு குரலில்.

வந்தார். நீங்களும் பார்த்தீர்கள். ஆராதனை முடிந்து வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து குடிசைக்குப் போனார். உட்காரும் இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. வாசலுக்கு வெளியே மணலில் உட்காரப் பார்த்தவரை ரூத்தக்கா விடவில்லை. "வெளிய உக்காந்தா பிச்சைக்காரரு. உள்ள வந்தாத்தான் விருந்தாளி. ஆண்டவரு ஆயக்காரன் வீட்டு வாசல்லயா உக்காந்தாரு?" உள்ளே போனால் அறுதலிப் பெண் வீட்டுக்குள் கிழவன் என்று தெரு பேசும், பொல்லாப்பாய்த் தோன்றுகிறதையும் விலக்கு என்றும் வேதத்தில் இருக்கிறது. இரண்டில் எதை மீறுவது? மூப்பர் எதையும் மீறவில்லை. வாசல் தட்டியைக் கயிறு அவிழ்த்து முழுசாகத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு உள்ளே போய், தெருவைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீளமாக ஜெபித்துவிட்டு, கேப்பைக் கூழைக் குடித்தார். தெரு முழுக்கப் பார்த்தது. முடிந்ததும் தட்டியைப் பழையபடி கட்டிவிட்டுப் போனார்.

நான் சும்மா இருப்பேனா? வழியில் மறித்துக் கேட்டேன்.

"என்ன மூப்பரே, ரூத்தக்கா கூழு எப்படி?"

"உப்புக் கொறைவு" என்றார்.

உப்பளத்து ஊரில் உப்பில்லாத கூழ்! நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் தம் வீட்டு உப்பில் ஒரு சிரட்டை அள்ளிக்கொண்டுபோய் ரூத்தக்கா வாசலில் வைத்ததை அம்மா பார்த்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் நடந்தது. கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கூட்டம். நான் காப்பி கொண்டுபோகிற சாக்கில் உள்ளே நின்றேன்.

"புறம்பாக்குன பொம்பள வீட்டுல போயி சாப்பிடுறீக. சபைய என்னான்னு நெனச்சீக?" என்றார் கங்காணி.

"சபை சொன்னதத்தான் செய்யுறேன். ஆயக்காரன் மாதிரி வைக்கச் சொன்னீக. வச்சிருக்கேன்."

"கேலியா பண்றீக?"

அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. அய்யாவைத் திரும்பிப் பார்த்தார். அய்யா காப்பியைப் பார்த்தார்.

"இன்னொரு விசயம்" என்றார் மூப்பர். "மொதல்ல தனியாப் போயிச் சொல்லணும், கேக்கலன்னா ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் போகணும், அப்பறந்தான் சபைக்குச் சொல்லணும்னு இருக்கு. நாம யாருமே தனியாப் போகலையே கங்காணி. நானும் பாக்காம வாசிச்சிட்டேன். தப்பு நம்மது. அவளக் கூப்பிட்டுச் சொல்லிருவோம்."

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முடிவில் மூப்பர் பட்டம் போயிற்று, மணிக்கயிறு போயிற்று. மறுநாள் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற வேலையும் போயிற்று. சபை விளக்கு என்று அதுவரை கூப்பிட்டவர்கள் ஒரு எழுத்தை மாற்றிச் சபை விலக்கு ஆக்கினார்கள். அதன்பிறகு பனைநார்க் கயிறு திரித்துக் கஞ்சி குடித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரூத்தக்காவின் கூழ். அந்தக் கூழுக்குத் தண்ணீர் முஸ்லிம்கள் குடியிருக்கிற மரைக்காயர் தெருக் கிணற்றிலிருந்து வந்தது. நாம் தீட்டு என்று சொன்ன தெருதான் ரூத்தக்காவுக்கும் மூப்பருக்கும் தண்ணீர் கொடுத்தது.

ராப்போஜன வாசலில் இப்போது கங்காணியின் மருமகன் நின்று கேட்டான். மூப்பர் வரிசையில் வந்து நின்றார்.

"மனத்தாங்கல் உண்டா?"

"உண்டு."

"எங்க மாமா ஒங்களத்தான் மன்னிச்சிட்டாரே!"

"எனக்கில்ல தம்பி. ரூத்துக்கும் சபைக்கும் தீரலயே."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த மாதமும் வந்தார், உண்டு என்றார், போனார். அதற்கடுத்த மாதமும் அதேதான். நம் சபையில் ஊரறிய உண்மை சொன்ன ஒரே ஆள் பந்திக்கு வெளியே நின்றார். இல்லங்கய்யா கூட்டம் முழுக்க உள்ளே உட்கார்ந்து அப்பத்தை மென்றது. நானும் மென்றேன்.

குடிசையைப் பிரிக்க ஒருதரம் போனீர்களே, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மற்ற நாளெல்லாம் உப்பளம், ஞாயிற்றுக்கிழமைதான் கை ஓய்வாக இருக்கும். ஓய்வு நாளில் உப்பு வாரினால் பாவம். கூரை பிரித்தால் ஊழியம். ஆராதனை முடிந்து அரிவாளும் கயிறுமாகப் போனீர்கள். தட்டி சுவரில் சாய்ந்திருந்தது. மூப்பர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க மூப்பரே."

"ஜெபம் பண்ணி உக்காந்துட்டேன். பாதியில எந்திரிக்கப்படாது. நீங்க பிரிங்க, நான் சாப்பிடுறேன்."

அவர் அதையும் நிசமாகத்தான் சொன்னார். முதல் ஓலையை உருவ யாருக்கும் கை எழவில்லை. நீ ஏறு, நீ ஏறு என்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக் கடைசியில் கலைந்து போனீர்கள். இரக்கத்தால் போகவில்லை. சாப்பிடுகிற மனிதன் தலையில் கூரையைப் பிரித்தால் பாவம் முதலில் ஏறியவனுக்கா, பிடித்துக்கொண்டிருந்தவனுக்கா என்று தெரியாமல் போனீர்கள்.

போன வாரம் அடக்கம். கங்காணி ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சபையின் தூண் சாய்ந்தது" என்று பேசினார். தூணைப் பிடுங்கித் தெருவில் போட்டவருக்கு அது சாய்ந்த சத்தம் இப்போதுதான் கேட்டதாம். பெட்டியின்மேல் மல்லிகையை மூட்டை மூட்டையாய்க் கொட்டினீர்கள். ரூத்தக்கா தானியேலைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே வந்து நின்றார்.

"அங்கனயே நில்லு" என்றார் கங்காணி.

"நான் உள்ள வரல. அந்தப் பூவ மட்டும் எடுத்துருங்க. அவுகளுக்கு ஆகாது" என்றார் ரூத்தக்கா.

யாரும் எடுக்கவில்லை. பூவோடே மண் விழுந்தது.

அடக்கம் முடிந்து கை கழுவின ஈரம் காய்வதற்குள் கமிட்டி எங்கள் கூடத்தில் கூடியது. இந்த நினைவுக் கூட்டத்துக்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குடிசையைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. இத்தனை நாளும் உங்களுக்குத் தடையாக இருந்தது வேதம் இல்லை, அன்பு இல்லை. ஒரு கிழவர் உட்கார்ந்து கூழ் குடித்ததுதான். அவர் சாகட்டும் என்று காத்திருந்தீர்கள். இந்த நினைவுக் கூட்டம் அதற்கு நன்றிக் கூட்டம்.

போனவரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டது என்ன என்று முடிவில் எழுதவேண்டும் என்று குருவானவர் சொல்லியனுப்பியிருக்கிறார். எழுதுகிறேன். அவருடைய ஜெபம் எனக்கு வராது. அவருடைய பரிசுத்தத்தில் பாதி எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவே படுகிறது, இன்னும் படுகிறது. விசிலை நான் விடப்போவதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு இடம். ரூத்தக்கா குடிசைக்குள் நுழைந்தால் இடது கைப்பக்கம், அடுப்பை ஒட்டி, தெருவைப் பார்த்த மாதிரி இருக்கிற ஓர் ஆள் உட்காரும் தரை. நேற்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

"நீ என்ன மூப்பராலே?" என்றார் ரூத்தக்கா.

"இல்லக்கா. பசி."

"கூழுதான். ஒங்க அய்யா ஒன்னயக் கொல்லப் போறாரு."

"அவுகளும் அரிவாளோட வருவாகல்ல, அங்கன வச்சே பேசிக்கிறோம்."

ஆகவே, அன்பான சபையாரே, கமிட்டி ஐயாமாரே, அய்யா, ஞாயிற்றுக்கிழமை குடிசையைப் பிரிக்க வருகிறவர்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு, நிதானமாக வாருங்கள். நான் ரொம்ப மெதுவாகச் சாப்பிடுகிறவன்.